எந்தக் கருவி குழந்தையைக் காட்டுகிறது?

பயிற்சி நாட்களில் உண்மையான கேள்விகள் அரங்கத்துக்குள் வருவதில்லை. தேநீர் இடைவேளையில், கையில் டம்ளரோடு நிற்கும்போதுதான் வரும். இப்போதெல்லாம் முதலில் வருவது இதுதான்: "சார், கணக்குக்கு நல்ல ஆப் ஒண்ணு இருந்தா சொல்லுங்களேன்." கேட்பவர் அக்கறையுள்ள ஆசிரியர். அக்கறை இல்லாதவர் இடைவேளையில் என்னைத் தேடி வரமாட்டார். ஆனாலும் பதில் சொல்வதற்கு முன் நானும் ஒன்று கேட்பேன். "நேத்து கழித்தல் கணக்குல தப்புப் போட்ட பிள்ளைங்க யாரு யாரு? என்ன தப்புப் போட்டாங்க?"

சிலர் உடனே சொல்வார்கள். ஒருவனுக்குக் கடன் வாங்கத் தெரியவில்லை. ஒருத்திக்கு நடுவில் பூஜ்ஜியம் வந்தால் குழப்பம். இன்னொருவனுக்குக் கணக்கு நன்றாக வரும், கேள்வியைப் படிக்கத்தான் முடியவில்லை. வேறு சிலர், "அஞ்சாறு பேருக்கு வராது சார்" என்பார்கள். முதல் வகை ஆசிரியர் கையில் எந்தச் செயலியைக் கொடுத்தாலும் அது பயன்படும், கொடுக்காவிட்டாலும் அவர் பாடம் நன்றாகவே நடக்கும். இரண்டாமவருக்கு வேண்டியது செயலியே இல்லை. அந்த அஞ்சாறு பேரும் தனித்தனி ஆட்களாகக் கண்ணில் படுவதற்கு ஒரு வழி வேண்டும்.

நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஈராசிரியர் பள்ளிகள் நிறைந்த ஓர் ஒன்றியம். பள்ளிப் பார்வை, அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம், பயிற்சிகள், நடுவே அவசரமாகக் கேட்கப்படும் புள்ளிவிவரங்கள் என்று நாட்கள் போகும். இந்த வேலையில் ஒரு பெரிய வாய்ப்பு உண்டு: பிறர் நடத்தும் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கக் கிடைக்கும். பாடம் நடத்துபவர் கண்ணில் படாத பல விஷயங்கள் அங்கிருந்து தெரியும். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குள் உறுதிப்பட்ட ஓர் எண்ணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வகுப்பறைக்கு வரும் கருவிகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். குழந்தைக்கு எதையோ காட்டும் கருவிகள் ஒரு வகை: புரொஜெக்டர், தொலைக்காட்சி, திறன் பலகை, காணொளி. குழந்தை என்ன நினைக்கிறது என்று ஆசிரியருக்குக் காட்டும் கருவிகள் இன்னொரு வகை. நம் பணமும் திறப்பு விழாக்களும் பெரும்பாலும் முதல் வகைக்கே போகின்றன. குழந்தை கற்பதை மாற்றுவது இரண்டாவது வகை.

நம் கண்ணெதிரே இருந்து மறைந்துகொண்டிருக்கும் ஒரு கருவியைச் சொல்கிறேன். ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளை வைத்துத் தன் வேகத்தில் படிப்படியாகப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு வந்தார். 2007-08இல் அந்த முறை மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டைகளும், எதற்குப் பின் எதைப் படிப்பது என்று காட்டும் ஏணிப்படிகளும்தான் அதற்கு வித்து. அன்றைய வகுப்பறையில் நுழைந்தவர்களுக்கு நினைவிருக்கும்: தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் தொங்கும் பிள்ளைகளின் ஓவியங்கள், அடுக்குத் தட்டுகளில் அட்டைகள், பாயில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர். அதோடு, சுவரைச் சுற்றித் தரையை ஒட்டி, குழந்தை உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஒரு பங்கு. சில பள்ளிகளில் மேலே பெயரும் எழுதியிருப்பார்கள்.

அந்த அறையின் நடுவில் நின்று ஒரு சுற்று பாருங்கள். ஒரு குழந்தை 'ற'வும் 'ர'வும் மாற்றிப் போட்டிருக்கும். ஒரு குழந்தை முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதியிருக்கும். முந்நூறுக்கு 300, அப்புறம் ஐந்துக்கு 5, காதில் விழுந்தபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்த நேர்மையான விடை அது. மூலையில் இருப்பவன் ஒன்றுமே எழுதாமல் பக்கத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். நோட்டில் எழுதியிருந்தால் முப்பது நோட்டையும் சேர்த்து, சாயங்காலம் திருத்தி, மறுநாள்தான் இது தெரியவரும். மறுநாள் அந்தக் குழந்தை பள்ளிக்கு வராமலும் போகலாம். பலகையில் அதே நிமிடம் தெரிகிறது, அதே நிமிடம் பக்கத்தில் போய் உட்கார முடிகிறது. மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஒரு தடவை வண்ணம் அடித்தால் சில வருஷத்துக்கு ஓடும்.

செயல்வழிக் கற்றலில் குறைகளும் இருந்தன. அட்டைகள் தொலைந்துபோகும். ஏணியின் படிகளைத் தாண்டுவதே நோக்கமாகி, புரியாமலேயே அடுத்த படிக்குப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் அத்தனை குழுக்களையும் சமாளிப்பது கடினம். பாடப்புத்தகம் இல்லாமல் என்ன படிப்பு என்று பெற்றோர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பிறகு அது எளிமையாக்கப்பட்டது, புத்தகம் திரும்பி வந்தது, 2022இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. சரி, முறைகள் மாறத்தான் செய்யும். ஆனால் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகைகள் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. சில இடங்களில் வெளுத்துப்போய் எழுதினால் தெரிவதில்லை. சில இடங்களில் அதன் மேலேயே யானை, மயில், ரயில் பெட்டி என்று அழகாக வரைந்துவிட்டார்கள். சில இடங்களில் எழுத்துகள் அச்சிட்ட டைல்ஸ் ஒட்டியிருக்கிறது. குழந்தை தான் நினைத்ததை எழுதிய இடத்தில் இப்போது நாம் எழுதி வைத்திருக்கிறோம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, அதைத் தன் இல்லத்துக்குக் கொண்டுவர முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்து மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார், அது நடந்தது. 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தரும் அந்த ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பிரிட்டனில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் மெட்ராஸ் காலேஜ் என்ற பள்ளி இன்றும் நடக்கிறது. நம் திண்ணைப் பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவனான சட்டாம்பிள்ளைக்கும் பெல்லின் முறைக்கும் உள்ள உறவு பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். என் கவனம் மணலில்தான். விரல் எந்தப் பக்கம் தொடங்குகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே சுழி தப்புகிறது என்று எழுதும்போதே தெரியும். தப்பென்றால் ஒரு தடவல் போதும். அச்சடித்த பயிற்சித்தாளில் முடிந்த எழுத்துதான் தெரியும், எழுதிய வழி தெரியாது.

திறன் வகுப்பறைக்கு வருகிறேன். தொடக்கப் பள்ளிகளுக்கும் இப்போது பெரிய திரைகள் வந்துவிட்டன, ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகள் வந்திருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடைத்ததில் எனக்கு மனதார மகிழ்ச்சி. ஜவ்வாது மலையில் கடலையே பார்த்திராத பிள்ளைகள் அலை கரைக்கு வந்து திரும்புவதைத் திரையில் பார்த்துப் போட்ட சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். இதயத்தின் நான்கு அறைகளில் ரத்தம் போகும் வழி, பூமி சாய்ந்து சுற்றுவது, இதையெல்லாம் சுண்ணக்கட்டியால் எவ்வளவு வரைந்தாலும் அசைவைக் காட்ட முடியாது. அங்கே திரைதான் சரி.

ஒரு ஐந்தாம் வகுப்பில் பின்னங்கள் பற்றிய காணொளி ஓடிக்கொண்டிருந்தது. வட்டமான ரொட்டியை இரண்டாக, மூன்றாக, நான்காக வெட்டிக் காட்டினார்கள். நல்ல தயாரிப்பு, தெளிவான தமிழ், வண்ணம், இசை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். "இது எத்தனையில் ஒரு பங்கு?" என்று குரல் கேட்டதும் எல்லாரும் சேர்ந்து "நாலில் ஒரு பங்கு!" என்றார்கள். முடிந்ததும் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, 1/3, 1/4 இரண்டையும் பலகையில் எழுதி, எது பெரியது என்று கேட்டேன். வகுப்பில் பெரும்பாலோர் 1/4 என்றார்கள். "ஏன்?" என்றேன். "மூணை விட நாலு பெருசு சார்." கொஞ்ச நேரம் முன்னால்தான் ரொட்டி அவர்கள் கண்ணெதிரே வெட்டுப்பட்டது.

இதில் காணொளியின் பிழை எதுவும் இல்லை, ஆசிரியரின் பிழையும் இல்லை. அந்தப் பிள்ளைகள் மனதில் 'பெரிய எண் என்றால் பெரிய அளவு' என்ற விதி நான்கு வருஷமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த விதி இதுவரை அவர்களைக் கைவிட்டதே இல்லை. எட்டு நிமிடக் காணொளி அதன் மேலே பூசிக்கொண்டு போய்விடும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். அந்த ஆசிரியர் அடுத்துச் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய செய்தித்தாளை ஒரே நீளப் பட்டைகளாகக் கிழித்து ஆளுக்கு இரண்டு கொடுத்தார். ஒன்றை மூன்றாக மடி, ஒன்றை நாலாக மடி, ஒரு பங்கை மட்டும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வை. மூன்றாக மடிப்பதற்கே பாதிப் பேர் திணறினார்கள். ஒருத்தி முதலில் இரண்டாக மடித்து அதில் ஒரு பாதியை மறுபடி மடித்து, மூன்று துண்டு வந்துவிட்டது என்று காட்டினாள். பங்குகள் சமமாக இருக்க வேண்டும் என்பது அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. திரையின் முன்னால் அவளும் எல்லாரோடும் சேர்ந்து சரியான விடையைத்தான் கத்தியிருந்தாள்.

திரை வந்தால் பள்ளி மாறும் என்ற நம்பிக்கை நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. பேசும் படம் வருவதற்கு முன்பே, 1913இல், பள்ளிகளில் புத்தகங்களுக்குச் சீக்கிரமே வேலை இல்லாமல் போகும், எல்லாவற்றையும் சலனப்படத்தால் கற்பிக்கலாம் என்று எடிசன் சொன்னார். நம் நாட்டில் 1975-76இல் ஒரு வருஷம் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் போனது. 2004இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை ஏவினோம். 2019 ஆகஸ்டில் நம் மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஒவ்வொன்றும் உண்மையான உழைப்பு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது கல்வித் தொலைக்காட்சி இருந்தது எவ்வளவு ஆறுதல் என்பது கிராமத்துப் பெற்றோருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டி குழந்தையைப் பார்க்காது. மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவன் எழுத்தையே மறந்துவிட்டான் என்று அதற்குத் தெரியாது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கி, தன்னார்வலர்கள் தெருவிலும் கோயில் மண்டபத்திலும் வீட்டு வாசலிலும் மாலை வேளையில் பிள்ளைகளை உட்கார வைத்து, "இதைப் படி பார்ப்போம்" என்று கேட்டபோதுதான் அது வெளியே வந்தது. பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். பயிற்சிக் கல்லூரிப் பக்கம் போகாதவர்கள் அவர்களில் நிறைய. அவர்கள் எங்களுக்குக் கொண்டுவந்து சொன்ன தகவல்கள் எந்த அறிக்கையிலும் கிடைக்காதவை.

கணினியால் இரண்டாவது வகை வேலையைச் செய்யவே முடியாது என்று நான் சொல்லவில்லை. டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹான்ட்ரோ கனிமியன் ஆகியோர் செய்து 2019இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் பள்ளி முடிந்து ஒரு மையத்துக்கு வந்து மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளில் பயிற்சி செய்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். அந்த மென்பொருள் என்ன செய்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல், எதுவரை தெரிந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தது. அங்கிருந்து தொடங்கியது. ஒவ்வொரு தப்பையும் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றியது. கூடவே, கணினி நேரத்துக்குச் சமமான நேரம் ஓர் ஆள் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லியும் கொடுத்தார். கணினி வந்ததால் பிள்ளை படித்தது என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்களிடம் நான் உடன்படமாட்டேன்.

இன்னொன்று நம் பக்கத்தில் நடந்தது. டெல்லியில் சுவரில் துளை போட்டுக் கணினி வைத்துப் புகழ்பெற்ற சுகதா மித்ரா, காளிக்குப்பம் என்ற தமிழ் பேசும் கடலோரக் கிராமத்தில் ஒரு பரிசோதனை செய்தார். மூலக்கூறு உயிரியலை, அதுவும் ஆங்கிலத்தில், கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். ஆசிரியர் யாரும் இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே முட்டி மோதி 30 சதவீத மதிப்பெண் வரை வந்தார்கள் என்கிறார். அது உண்மையிலேயே ஆச்சரியம்தான். அங்கிருந்து மேலே போக, அந்தப் பாடமே தெரியாத ஓர் இளம்பெண்ணைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பாராட்டுவதும், இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எனக்குக் காட்டுங்களேன் என்று கேட்பதும்தான் அவர் வேலை. மதிப்பெண் 50க்குப் போனது. ஆசிரியர் தேவையில்லை என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டுகிறார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. "எப்படிச் செய்தாய், காட்டு" என்று கேட்க ஒருவர் வந்த பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம்.

ஆசிரியருக்கே அவர் வகுப்பைக் காட்டும் ஒரு கருவி எல்லார் பையிலும் இருக்கிறது. செல்போனில் உள்ள குரல் பதிவு. பயிற்சிகளில் நான் இதைத்தான் அதிகம் வற்புறுத்துகிறேன். மேசை மேல் போனை வைத்துப் பத்து நிமிடம் பாடத்தைப் பதிவு செய்யுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம், தலைமையாசிரியருக்கும் வேண்டாம். வீட்டில் தனியாகக் கேளுங்கள், கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: கேள்வி கேட்டபிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, மந்தம் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகள் வாய் திறந்தார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மூன்று விநாடி! எந்தத் திட்டத்திலும் இவ்வளவு மலிவான செலவுத் தலைப்பு கிடையாது.

நம் வகுப்புகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. "சூரியன் கிழக்கே உதிக்..." என்று ஆசிரியர் நிறுத்துவார், "கும்!" என்று வகுப்பே முடிக்கும். "வேர் நீரை உறிஞ்..." "சும்!" கேட்க உற்சாகமாக இருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை, சின்னப் பிள்ளைகளைக் கூடவே இழுத்துக்கொண்டு போக அது உதவும். ஆனால் ஒரு வாக்கியத்தின் கடைசி எழுத்தைச் சொல்வதற்கு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. வேர் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தையும் "சும்" என்று சொல்லிவிடும். பதிவைக் கேட்ட பல ஆசிரியர்கள் முதலில் கண்டுபிடிப்பது இதைத்தான். எங்கள் ஒன்றியத்தில் ஓர் ஆசிரியை வேறொன்றைக் கண்டுபிடித்தார். பத்து நிமிடத்தில் திரும்பத் திரும்ப நான்கே பெயர்கள்தான் அவர் வாயிலிருந்து வந்திருந்தன. அடுத்த வாரமே ஐஸ் குச்சிகளில் பிள்ளைகள் பெயரை எழுதி ஒரு டப்பாவில் போட்டார். கேள்வியைக் கேட்பார், மனதுக்குள் எண்ணிக் காத்திருப்பார், அப்புறம்தான் குச்சியை எடுப்பார். பெயர் தெரியும்வரை எல்லாரும் யோசித்தாக வேண்டும். நான் போயிருந்தபோது ஒரு பையன் பெயர் வந்தது. எழுந்து நின்றான், பேசவில்லை. அவர் காத்திருந்தார். கடைசி வரிசையில் எனக்கே சங்கடமாக இருந்தது. பிறகு அவன் பேசினான். பதில் பாதிதான் சரி. அந்தப் பாதியிலிருந்து அவர் பாடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

தரவு பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தேர்வு வைத்து, விடைகளை ஆசிரியர் செயலியில் பதிவேற்றுவது இன்று நாடு முழுக்க நடப்பது. குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதன் அடிப்படையும் அதுதான், அது சரியான அடிப்படை. ஆனால் எந்தத் தரவும் ஆசிரியரிடமிருந்து மேலே போகும் வேகத்தில் அவரிடம் திரும்பி வர வேண்டும், வரும்போது எண்ணாக வராமல் குழந்தையாக வர வேண்டும். 'உங்கள் பள்ளி 58 சதவீதம்' என்ற செய்தியால் மறுநாள் காலையில் எதையும் செய்ய முடியாது. 'இந்த மூன்று பேர் நெடிலைக் குறிலாகப் படிக்கிறார்கள்' என்றால் முதல் பாடவேளையிலேயே செய்யலாம். இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் போனோடு உட்கார்ந்தால் அந்த நேரத்துக்குப் பாதிப் பள்ளி ஆசிரியர் இல்லாமல் இருக்கிறது. செயலியை வடிவமைப்பவர்கள் அதை ஒரு நாள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆசிரியர் பயிற்சிக்கும் இதே அளவுகோல்தான். மாநிலத்தில் பயிற்சி பெற்ற கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் வட்டாரத்துக்குச் சொல்லி, வட்டாரம் ஆசிரியருக்குச் சொல்லும்போது பயணத்தில் பத்திரமாகத் தப்பிப் பிழைப்பது பவர்பாயிண்ட் மட்டும்தான். அதில் ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள இடமே இல்லை. அதனால் குறுவள மையக் கூட்டங்களில், என் கையில் இருக்கும் நேரத்தில், பிள்ளைகள் எழுதிய தாள்களைக் கொண்டுவரச் சொல்கிறேன். பெயரை மடித்து மறைத்துவிட்டு நடுவில் வைப்போம். இந்தக் குழந்தை இப்படி எழுதும்போது மனதில் என்ன ஓடியிருக்கும்? இந்த ஒரு கேள்வியில் ஒரு மணி நேரம் போய்விடும். பணி ஓய்வை நெருங்கும் ஆசிரியைகள் இதில் காட்டும் நுட்பத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தொழில்நுட்பப் பயிற்சி என்றால் பின்வரிசைக்குப் போய்விடும் அதே ஆசிரியைகள்தான். பிள்ளைகள் 89க்கு அப்புறம் ஏன் தடுமாறுகிறார்கள் என்று ஒருவர் விளக்கினார்: இருபது, முப்பது, எண்பது என்று 'பது' போட்டு வந்த வரிசை தொண்ணூறில் திடீரென்று 'நூறு' மாதிரி ஒலிக்கிறது, குழந்தை நூறு வந்துவிட்டது என்று நினைக்கிறது. அந்த இடத்தில் அவர் மணிச்சட்டத்தை எடுத்து ஒன்பது பத்துகளை நகர்த்திக் காட்டுவாராம். இந்த அறிவு எந்தச் செயலியிலும் ஏறவில்லை. ஏற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு இப்போது எங்கள் ஒன்றியத்துக்கும் வந்துவிட்டது. பாடத்திட்டம், வினாத்தாள், ஆண்டு விழா வரவேற்புரை எல்லாம் அதில் எழுதுகிறார்கள். எழுதட்டும், எழுத்து வேலை குறைந்து பிள்ளைகளோடு இருக்கும் நேரம் கூடினால் நல்லதுதான். என்னை நிமிர வைத்தது வேறொரு பயன்பாடு. ஈராசிரியர் பள்ளி ஆசிரியை ஒருவர், நான்காம் வகுப்புப் பெண் 52இல் இருந்து 37 போனால் 25 என்று எழுதியிருந்ததை அதில் போட்டு, "இந்தக் குழந்தை எப்படி யோசித்திருக்கலாம், காரணங்கள் சொல்" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறார். விடையைத் திருத்தச் சொல்லவில்லை. வந்த காரணங்களில் முதலாவது, ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கலாம் என்பது. சரியான ஊகம்தான். ஆனால் ஏன் அப்படிச் செய்தாள் என்று அதற்குத் தெரிய வழியில்லை.

மறுநாள் குச்சிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். "இதை எப்படிப் போட்ட, சொல்லு பார்ப்போம்."

"ரெண்டுல இருந்து ஏழு போகாது மிஸ். சின்னதுல இருந்து பெருசு போகாதுன்னு ரெண்டாம் வகுப்புல நீங்கதானே சொன்னீங்க. அதான் ஏழுல இருந்து ரெண்டைக் கழிச்சேன்."

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்த வாக்கியத்தை அவர் இப்போது சொல்வதில்லை. ஐந்து கட்டையும் இரண்டு உதிரிக் குச்சியையும் தரையில் வைக்கிறார். "உதிரியா ரெண்டு குச்சிதான் இருக்கு, எனக்கு ஏழு வேணும், என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.